ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: ஆங்கில வகுப்பில் தொழில்நுட்பத்தைத் தொடங்குகிறவர்களுக்கு

"எந்த ஆப் நல்லா இருக்கும் டீச்சர்?" புதிதாக ஆங்கிலம் எடுக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க வகுப்பறையில எத்தனை ப்ளக் பாயின்ட் வேலை செய்யுது?"

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. ப்ளக் பாயின்ட், நெட் கிடைக்கும் மூலை, சத்தம் எதிரொலிக்கும் சுவர், பின்பெஞ்சு வரை எட்டும் ஸ்பீக்கர் இவையெல்லாம் தெரிந்த பிறகுதான் ஆப் பற்றிப் பேச முடியும். இந்தக் கட்டுரை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை மனதில் வைத்து எழுதியது. கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது, வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கூடுதலாக டிவியோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பது நிமிட வகுப்பு, நாற்பது பிள்ளைகள். நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால்கூட, ஒரு பிள்ளைக்குப் பேச ஒரு நிமிடம்தான். நாமோ வாயை மூடுவதில்லை. வகுப்பு முடிந்து வெளியே போனால் தெருவிலும் வீட்டிலும் தமிழ். ஆக, அந்தப் பிள்ளை ஆங்கிலம் கேட்பது உங்கள் ஒருவர் வாயிலிருந்து மட்டும், அதைப் பேசுவது அநேகமாக இல்லவே இல்லை. போன் இந்த இடத்தில்தான் உதவும். இலக்கணத்தை விளக்க நீங்கள் இருக்கிறீர்கள், கரும்பலகை இருக்கிறது. ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் இருபது தடவை சொல்ல, பிள்ளை சொன்னதை முகம் சுளிக்காமல் கேட்க, ஒரு கருவி வேண்டும். அதற்கு மட்டும் போனை எடுங்கள். முதல் ஆறு மாதம் வேறு எதற்கும் வேண்டாம்.

வகுப்புக்குப் போகுமுன்

முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் பதிவிறக்கி வையுங்கள். வகுப்பில் நெட் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை மூன்று நிமிடம் பார்த்தால் நாற்பது பிள்ளைகளும் கைவிட்டுப் போவார்கள், அப்புறம் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

போனின் சொந்த ஸ்பீக்கர் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். கூடவே ஒரு கேபிளும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புளூடூத் சரியாக அவசர நேரத்தில்தான் முரண்டு பிடிக்கும். ஸ்பீக்கரை உங்கள் மேசைமேல் வைக்காமல் வகுப்பின் நடுவில், ஒரு பெஞ்சின் மேல் வைத்துப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டாமலே எல்லாருக்கும் கேட்கும்.

வகுப்புக்குள் நுழையுமுன் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நெட் தேவைப்படுகிற நாளில் 'தொந்தரவு செய்யாதே' என்பதையாவது போடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். போன் டிவியோடு இணைந்திருந்த நேரத்தில் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து, ராத்திரி சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று ஒரு செய்தி திரையின் உச்சியில் வந்து நின்றது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். வகுப்பே சேர்ந்து உரக்க வாசித்தது. அன்று அவர்கள் தடங்கலில்லாமல் வாசித்த ஒரே ஆங்கில எழுத்து வரி அதுதான்.

காதிலிருந்து தொடங்குங்கள்

எதைக் கேட்க வைப்பது? பாடப்புத்தகத்திலிருந்தே ஆரம்பியுங்கள். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பாடங்களின் பக்கத்தில் க்யூஆர் குறியீடு அச்சாகி வருகிறது. அரசின் திக்‌ஷா கல்விச் செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினால் அதோடு இணைத்திருக்கும் ஒலி, காணொளி வரும். அதைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் இல்லாமலே போடலாம். தரம் ஒரே சீராக இருக்காது. அதனால் வீட்டில் முழுதாகக் கேட்டுவிட்டு, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதைகளுக்கு நான் நம்புவது பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை. படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும். வாசிப்புத் திறனைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வரை நிலை பிரித்திருப்பார்கள். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பது நமக்கு முக்கியம். முதல் நாள் தமிழில் வாசித்துவிட்டு மறுநாள் அதே கதையை ஆங்கிலத்தில் கொடுத்தால், கதை தெரிந்த தைரியத்தில் பிள்ளைகள் தெரியாத சொல்லைத் தாங்களே ஊகிப்பார்கள். எட்டாம் வகுப்பாக இருந்தாலும் இரண்டாம் நிலைக் கதையிலிருந்தே தொடங்குங்கள். "இது சின்னப் பசங்க கதை டீச்சர்" என்று ஒருவன் சொல்வான். வாசிக்கச் சொல்லுங்கள், அடங்கிவிடுவான்.

சரி, ஒலியை எப்படிப் போடுவது? பெரும்பாலானோர் செய்வது, ஐந்து நிமிட ஒலியை முழுதாக ஓடவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பது. நாற்பது தலையும் ஆடும். ஒருவருக்கும் புரிந்திருக்காது. நான் முப்பது முதல் நாற்பது விநாடிக்கு மேல் எடுப்பதில்லை. முதல் தடவை புத்தகம் மூடியிருக்கும், ஒரே ஒரு கேள்வியோடு கேட்கிறோம்: எத்தனை பேர் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், இப்படி ஏதாவது. இரண்டாம் தடவை, காதில் விழுந்த சொற்களை நோட்டில் எழுதச் சொல்கிறேன். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. மூன்றாம் தடவை புத்தகத்தைத் திறந்து, கண்ணும் காதும் சேர்ந்து போகின்றன. நான்காம் தடவை ஒலியோடு கூடவே, அரை விநாடி பின்னால், எல்லாரும் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். கோயிலில் பஜனைக்காரர் பின்னால் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சொல்லிக்கொடுக்காமலே வரும்.

யூடியூபில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேகத்தைக் குறைப்பதைவிட, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவது மேல். நீ என்ன செய்கிறாய் என்ற கேள்வியைப் புத்தகத்தில் 'வாட் ஆர் யூ டூயிங்' என்று நான்கு சொல்லாகப் பார்க்கிறார்கள். பேச்சில் அது 'வாட்டர்யூடூயிங்' என்று ஒரே சொல்லாக வருகிறது. "டீச்சர், தண்ணி பத்தி ஏதோ கேக்குறாங்க" என்று எங்கள் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். அவள் காதில் தப்பில்லை. சொற்கள் இப்படி ஒட்டிக்கொள்வதைத்தான் காது பழக வேண்டும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால் இயல்பான வேகத்தில் அதைப் பிடிக்கும் பழக்கம் வராது.

வாய்க்கு வருவோம்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் 'கோட்' என்று எழுதுங்கள். ஆடு என்றாலும் கோட், மேலே போடும் அங்கி என்றாலும் கோட். 'பேக்' என்று எழுதினால் பையும் அதுதான், முதுகும் அதுதான், மூட்டை கட்டுவதும் அதுதான். 'வெட்' என்றால் ஈரம், மாட்டு டாக்டரும் அவரே. நம் எழுத்தில் இந்த வேறுபாடு கிடையாது. பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் மேலே தமிழில் எழுதி வைத்துப் படிப்பதால் வாயிலும் வேறுபாடு வராமலே போகிறது. நாமும் தமிழர்கள்தான், சூழலை வைத்துப் புரிந்துகொண்டு தாண்டிவிடுகிறோம். போன் அப்படித் தாண்டாது.

செய்யும் முறை இது. போனின் விசைப்பலகையில் மைக் படம் இருக்கும், அதுதான் குரல் தட்டச்சு. அமைப்புகளில் மொழியை 'ஆங்கிலம் (இந்தியா)' என்று மாற்றுங்கள், நம் உச்சரிப்புக்கு அது கொஞ்சம் இடம் கொடுக்கும். குறிப்பு எழுதும் செயலி ஏதாவது ஒன்றைத் திறந்து மைக்கைத் தொட்டுவிட்டுப் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 'மழை பெய்கிறது, கோட்டைப் போட்டுக்கொள்' என்பது மாதிரி வாக்கியம் கொடுத்தால், பிள்ளை தப்பாகச் சொன்னாலும் போன் சூழலைப் பார்த்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும். இரண்டு சொல்லும் பொருந்துகிற வாக்கியமாக இருக்க வேண்டும். 'இது என் பேக்' என்பது பைக்கும் பொருந்தும், முதுகுக்கும் பொருந்தும். அப்போதுதான் சோதனை நேர்மையாக இருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒருவன், நாற்காலியில் கோட் இருக்கிறது என்று சொன்னான். திரையைப் பார்த்தால் நாற்காலியில் ஆடு உட்கார்ந்திருந்தது. மறுபடி சொன்னான், மறுபடியும் ஆடு. வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் எல்லாப் பிள்ளையும் அப்படிச் சிரிக்காது. அதனால் இதை ஒருவரை நிற்கவைத்துச் செய்யாதீர்கள். நான்கு பேர் குழுவாக வந்து போனைச் சுற்றி நிற்கட்டும், யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆட்டை எழுப்பிவிட்டு அங்கியை நாற்காலிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சிரிப்பு போன்மேல் போகட்டும்.

ஆடு ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ட, ப போன்ற வல்லோசைகளைக் கொஞ்சம் காற்று தள்ளிச் சொல்கிறார்கள். நாம் 'கல்' என்றும் 'பல்' என்றும் சொல்லும்போது அந்தக் காற்று வெளியே வருவதில்லை. காற்றில்லாத 'க'வைக் கேட்கிற ஆங்கிலக் காது, அது ஆட்டின் 'க' என்று எடுத்துக்கொள்கிறது. போனுக்கும் அதே காதுதான். ஆக, உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு அங்கியைச் சொல்லச் சொல்லுங்கள், கையில் காற்றுப் படவேண்டும். ஆட்டைச் சொல்லும்போது படக்கூடாது. எழுதும் பேனாவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டருகே பிடித்தால் காகிதமே ஆடிக் காட்டிவிடும். ஈரத்துக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், மாட்டு டாக்டருக்குக் கீழுதட்டை மேல்பல்லில் தொட வேண்டும். இவையெல்லாம் உச்சரிப்புப் புத்தகங்களில் உள்ளவைதான், புதிதல்ல. முன்பு சரியா தப்பா என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது பிள்ளைகள் தாங்களே சொல்லிப் பார்த்து, திரையைப் பார்த்து, கையை வாய்க்கு முன் வைத்து மறுபடி சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்னப் பிள்ளைகளின் குரலைக் கருவி அடிக்கடி தப்பாக எடுக்கும், வகுப்பு இரைச்சலில் இன்னும் மோசம். சரியாகச் சொன்ன பிள்ளைக்கும் தப்பு காட்டலாம். அதனால் இதை வைத்து ஒருநாளும் மதிப்பெண் போடாதீர்கள்.

"என் உச்சரிப்பே எனக்குச் சந்தேகமா இருக்கே" என்று பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். நானும் தயங்கினேன். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் எந்தச் சொல்லைத் தேடினாலும் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் ஒலியாக இருக்கும். பாடத்தில் வரும் பத்துச் சொல்லை முந்தின இரவு கேட்டுவிட்டுப் போனால் போதும். வகுப்பிலேயே சந்தேகம் வந்தால், பிள்ளைகள் முன்னாலேயே தேடிக் கேளுங்கள். டீச்சருக்கும் தெரியாதது உண்டு என்று அவர்கள் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் கையில் போன் இல்லாமல் வினாடிவினா

கஹூட் மாதிரியான இணைய வினாடிவினாக்கள் நன்றாக இருக்கும், ஆனால் ஆளுக்கொரு கருவி வேண்டும். நமக்கு ஏற்றது ப்ளிக்கர்ஸ். அதன் தளத்தில் கணக்கு தொடங்கினால் நாற்பது அட்டைகள் கொண்ட கட்டு ஒன்றை அச்செடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்ட வடிவம் இருக்கும், நான்கு பக்கமும் நான்கு விடை எழுத்துகள் பொடியாக அச்சாகியிருக்கும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். தான் நினைக்கும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிள்ளை தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்க முடியாது. எப்போதும் கை தூக்கும் அந்த ஐந்து பேரைத் தாண்டி மற்ற முப்பத்தைந்து பேருக்கு என்ன தெரியும் என்று எனக்குக் காட்டியது இந்த அட்டைகள்தான்.

கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். நான் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டது இது. பளபளப்பில்லாத கெட்டி அட்டை போதும். விரல் வடிவத்தின் மேல் படாமல் ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள்.

வீட்டுக்கு அனுப்புவது

பேசும் வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸ்அப் குரல்பதிவுதான் வசதி. போன் அநேகமாக அப்பாவிடம் இருக்கும், அவர் வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவார். அதனால் கெடு மறுநாள் காலை என்று வையுங்கள், அன்று மாலை என்று வைக்காதீர்கள். முப்பது விநாடிக்கு மேல் கேட்காதீர்கள். 'இன்று எங்கள் வீட்டில் என்ன சமையல்' என்று மூன்று வாக்கியம் போதும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் இடைவேளையில் உங்கள் போனில் பதியட்டும். வீட்டில் போன் இல்லாததை வகுப்பில் யாருக்கும் தெரியப்படுத்த வேண்டியதில்லை.

குழு தொடங்குமுன் ஒருமுறை யோசியுங்கள். குழுவில் சேர்ந்தால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் வீட்டில் இதற்குச் சங்கடப்படுவார்கள், அது நியாயம்தான். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொண்டால் செய்தி தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணை அவர்கள் சேமித்து வைத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

பதில் அனுப்பும்போது ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். ஆறு தப்பு இருந்தாலும் ஒன்றுதான். அதுவும் உங்கள் குரலில், சரியான வாக்கியத்தை ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும். ஒரே நாளில் நாற்பது பதிவையும் கேட்க உங்களாலும் முடியாது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆசிரியருக்கு இது நல்ல எடுபிடி. பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்க நான் அவசரப்பட மாட்டேன்.

எனக்கு உதவுவது வாசிப்புப் பகுதி தயாரிக்கத்தான். தமிழிலேயே கேளுங்கள்: 'ஆறாம் வகுப்புத் தமிழ் வழி மாணவருக்கு, எண்பது சொல்லுக்குள், சந்தையில் ஆடு விற்கப் போகும் பாட்டியைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு கதை எழுது. இந்த எட்டுச் சொல்லும் வர வேண்டும். கடந்த காலத்தில் மட்டும் எழுது.' இப்படி வயது, அளவு, இடம், சொல், காலம் எல்லாம் சொன்னால்தான் வேலைக்கு ஆகும். வெறுமனே 'ஒரு கதை கொடு' என்றால் பனி பெய்யும் ஊரில் ஒரு முயல் வரும்.

வந்ததை அப்படியே அச்செடுக்காதீர்கள். நான்கு விடையில் இரண்டு சரியாக இருக்கும் கேள்விகளை அது கூசாமல் கொடுக்கும். பிள்ளை எழுதிய கட்டுரையைத் திருத்தக் கொடுத்தால், இருந்த ஒரு வெகுளித்தனத்தையும் இஸ்திரி போட்டுத் தேய்த்துவிடும். 'எழுதாதே, தப்பு எங்கே என்று மட்டும் சொல்' என்று கேளுங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் அதில் ஏற்ற வேண்டாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்க்க நல்லது. தமிழில் எழுதி ஆங்கிலமாக்கி நோட்டில் ஒட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். தடுக்க ஒரு வழி: அது செய்யும் தப்பைக் காட்டிவிடுங்கள். 'அவர் மருத்துவர்' என்று கொடுத்தால் பெரும்பாலும் ஆண் ஆக்கிவிடும். "எங்க ஊர் டாக்டர் அம்மாவாச்சே!" என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

உங்கள் காதுக்கும்

பிள்ளைகளுக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் தினம் ஏதாவது வேண்டும். 1943-இலிருந்து ஆங்கிலம் கற்றுத்தரும் பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' ஆறு நிமிடம்தான், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது கடினம், நமக்குச் சரியான அளவு. நான் கேட்பது காலையில் சட்னி அரைத்து முடித்த பிறகு. மிக்ஸி ஓடும்போது முடியாது.

கடைசியாக ஒரு வேலை, இதை ஜூன் மாதமே செய்துவிடுங்கள். பள்ளி திறந்த முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே பத்தியை வாசிக்கவைத்து, போனில் இருக்கும் ரெக்கார்டரில் பதிந்து வையுங்கள். கோப்புக்குப் பெயர் போடாமல் வரிசை எண்ணும் மாதமும் மட்டும் போடுங்கள். டிசம்பரில் அதே பத்தியை மறுபடி பதிந்து, இரண்டையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் காதில் வைத்துக் காட்டுங்கள். போன வருடம், நாற்காலியில் ஆட்டை உட்காரவைத்த அதே பையன் தன் ஜூன் மாதக் குரலைக் கேட்டுவிட்டு, "இது நானில்ல டீச்சர், யாரோ சின்னப் பையன்" என்று சாதித்தான். அழித்துவிடவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம், இருக்கட்டும்" என்றான்.